கடன்ல மூழ்கின பிரபுவும் பறந்து போகாத கொக்கும்

போன லீவுக்கு சுவிட்சர்லாந்துல க்ரூயேர்ங்கிற ஊருக்குப் போயிருந்தோம். அந்த சீஸ் பேரு கேள்விப்பட்டிருப்பீங்க, அதே க்ரூயேர்தான். குட்டி ஊரு, குன்று மேல இருக்கு, காருல வந்தாலும் கீழயே விட்டுட்டு நடந்துதான் ஏறணும். உள்ள நுழைஞ்சா கல்லு பாவின தெரு, தலைக்கு மேல செவப்புக் கொடி, அதுல றெக்கைய தூக்கிக்கிட்டு ஒரு வெள்ளைக் கொக்கு.

ஏன் கொக்குன்னு கேட்டா ஒரு கதை சொல்றாங்க. க்ரூயேரியஸ்னு ஒருத்தன் இங்க ஒரு கொக்கைப் பிடிச்சானாம், அதையே சின்னமா வச்சு ஊரை உண்டாக்குனானாம். பிரெஞ்சுல கொக்குக்கு பேரு 'க்ரூ'. ஊரு பேரு காட்டு அதிகாரியைக் குறிக்கிற ஒரு பழைய சொல்லுல இருந்து வந்துச்சுன்னு சொல்றவங்களும் உண்டு. எனக்கென்னமோ பேரு முதல்ல, கதை அப்புறம்னுதான் படுது. பெர்ன் நகரத்துலயும் இதே மாதிரிதான், 1191ல ஊரைக் கட்டுன பெர்டோல்ட் பிரபு வேட்டையில முதல்ல அடிச்சது கரடின்னு கதை, சின்னமும் கரடி. அதே நாட்டு ஊரி மாநிலத்துக்கு காட்டு எருது தலை. ரெண்டுலயும் ஜெர்மன்ல மிருகத்தோட பேரும் இடத்தோட பேரும் ஒரே மாதிரி ஒலிக்கும்.

இதைச் சொன்னா "அப்ப வெறும் வார்த்தை விளையாட்டுதானா"ன்னு சிலர் உதட்டைப் பிதுக்குறாங்க, அதுதான் எனக்கு மனசு ஒப்பல. எழுத்து தெரியாதவன் கொடியைப் பார்த்து கொக்குன்னு வாய்விட்டுச் சொன்னாலே பாதி ஊரு பேரு வந்துருதே! இந்த வகைக்கு பிரெஞ்சுல 'பேசும் சின்னம்'னே பேரு. 1951-52 தேர்தல்ல படிக்காத கோடிக்கணக்கான ஜனங்க சின்னத்தைப் பார்த்து ஓட்டுப் போட்ட நாடு நம்மது, நமக்கா இது புரியாது.

அந்தக் கொக்கு முதல்ல ஊரு ஜனங்களோடது இல்ல, பிரபு குடும்பத்தோடது. கடைசி பிரபு மிஷெல் 1554ல கடன்ல மூழ்கி திவாலாயிட்டாரு, கடன் குடுத்த பெர்ன், ஃப்ரிபூர்க் நகரங்க ரெண்டும் நிலத்தைப் பங்கு போட்டுக்கிட்டாங்க, பிரபு குடும்பம் போயே போச்சு, ஆனா கொக்கு மட்டும் ஊரோடயே தங்கிருச்சு. எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சது.

ஆனா எல்லா ஊருக்கும் அந்த குடுப்பினை இல்ல. சுவிட்சர்லாந்துலயே கிளாருஸ் மாநிலத்துல 2011ல 25 ஊராட்சிகளைச் சேர்த்து மூணே மூணா ஆக்கிட்டாங்க. நிர்வாகச் செலவு குறையும், சரிதான், ஆனா ஒவ்வொரு ஊருக்கும்னு இருந்த, சின்னம் வரைஞ்ச கேடயம் அதோட அரசாங்க காகிதத்துல இருந்து எறங்கிருது. இணைக்கிறப்ப அதையும் யாராவது யோசிக்கணும்ல?

திரும்பி வர்ற ட்ரெயின்ல பொண்ணு கேட்டா, "நம்ம ஊருக்கு என்னம்மா?" எங்க அம்மா ஊரு புளியங்குடி. உடனே செவப்புல ஒரு கேடயம், அதுல பழுப்பா புளியம்பழம் வரைஞ்சு எதிர் சீட்டுல நிறுத்தி வச்சா, ஒண்ணுமே தெரியல. இப்படி கேடயத்துல சின்னம் வரையிற கலையில அதுக்கு ஒரு பழைய விதியே இருக்கு, மஞ்சளும் வெள்ளையும் உலோகக் கணக்கு, மத்ததெல்லாம் நிறம், நிறத்து மேல நிறம் வைக்கக் கூடாது, தூரத்துல இருந்து பார்த்தா தெரியாது. சொன்னேன். அழிச்சிட்டு மஞ்சள் அடிச்சா. புளியங்குடின்னா இப்ப எலுமிச்சைக்குத்தானே பேரு, அந்த மஞ்சள் மேல புளியம்பழம் எடுப்பா தெரிஞ்சுச்சு.