என் காணொளியின் மீது எனக்கு உரிமை இல்லையாம்

கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் தெருமுனைப் பேக்கரியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கடைக்காரர் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "ஏனுங்க, இதப் பாருங்க, நம்ம கொடிவேரியாட்டவே ஒரு எடம் கேரளாவுல இருக்குதாமா" என்றார். பார்த்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கொடிவேரி அணையேதான். அதைப் படம்பிடித்தவன் நான். என் பெயர் இருந்த இடத்தில் வேறொருவரின் பெயர் இருந்தது. அணையில் நீர் விழும் ஓசையை எடுத்துவிட்டு ஒரு புல்லாங்குழல் இசையைச் சேர்த்திருந்தார்கள். ஊரின் பெயரையும் மாற்றிவிட்டார்கள். "இது நான் எடுத்ததுங்க" என்று சொன்னதை அந்த மனிதர் நம்பவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

ரசிகர் காணொளி செய்பவர்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை. பல பத்தாண்டுகளாகத் தமிழ் சினிமா வந்து படம்பிடித்துப் போன மண் இது. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் கரைகளும் அவற்றை ஒட்டிய வயல்களும் எத்தனையோ பாட்டுக் காட்சிகளில் இருக்கின்றன. ஆனால் அவை எந்த ஊர் என்று எந்தப் படமும் சொல்வதில்லை. அதனால் பழைய படக் காட்சியின் சில நொடிகளை இடப்பக்கமும், அதே இடத்தின் இன்றைய காட்சியை வலப்பக்கமும் வைத்து ஒரு தொடர் செய்துவருகிறேன். அன்றைக்குக் கேமரா எங்கே நின்றிருக்கும் என்று தேடிக் கண்டுபிடித்து, வெயில் அதே பக்கம் சாயும் வரை காத்திருந்து, ஆற்றில் அதே அளவு தண்ணீர் வராவிட்டால் வெறுங்கையோடு திரும்பி, மறுபடியும் போய் எடுத்த காட்சிகள் அவை.

திருடியவர் என்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள். கைப்பேசிக்கு ஏற்ற நெடுக்குவாட்டு வடிவத்துக்காக இடப்பக்கத்தை முழுவதும் வெட்டி எறிந்திருக்கிறார். அதாவது எனக்குச் சொந்தமில்லாத சினிமாக் காட்சி போய்விட்டது. நான் எடுத்த பகுதி மட்டும் எஞ்சியிருக்கிறது. அவர் பதிவில் இருக்கும் ஒவ்வொரு சட்டகமும் என் கேமராவில் பதிந்தது.

இதை அந்தக் காணொளித் தளத்தாரிடம் முறையிடப் போனேன். புகார்ப் படிவத்தின் முதல் கேள்வி, "உங்கள் காணொளியில் உள்ள அனைத்துக்கும் நீங்களே உரிமையாளரா?" என்பது. "இல்லை" என்று உண்மையைச் சொன்னால் படிவம் அங்கேயே முடிந்து, நன்றி சொல்லி அனுப்பிவிடுகிறது. "ஆம்" என்றால் அது பொய். பாதி மட்டும் என்னுடையது, திருடப்பட்டதும் அந்தப் பாதிதான் என்று சொல்ல அங்கே ஒரு கட்டம்கூட இல்லை. எனவே, கேமராவில் பதிவான மூலக் கோப்பை இணைத்து, எந்தப் பக்கம் வெட்டப்பட்டது என்பதைப் படம் போட்டுக் காட்டி, நீண்ட மின்னஞ்சல் ஒன்றை எழுதினேன். உங்கள் காணொளியில் பிறருடைய உள்ளடக்கம் இருப்பதால் புகாரை ஏற்க இயலாது என்று பதில் வந்தது. பிறருடைய உள்ளடக்கம் அந்தத் திருட்டுப் பதிவில் இல்லவே இல்லை என்று மீண்டும் எழுதினேன். அதே பதில், அதே சொற்களில், புகார் எண் மட்டும் மாறி வந்தது. ஒரு மனிதர் அந்த இணைப்பைத் திறந்து பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

சரி, என் காணொளியையாவது நீக்கிவிடலாம் என்று போனால், அதை வைத்துப் பிறர் செய்த மறுஆக்கங்கள் தளத்தில் தொடர்ந்து இருக்கும் என்று எச்சரிக்கை வருகிறது. அதோடு முடிந்ததா? இன்று காலை வந்த அறிவிப்பைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது: என் காணொளி ஏற்கெனவே உள்ள வேறொரு காணொளியை ஒத்திருப்பதால் இனிப் பரிந்துரைகளில் காட்டப்படாதாம். திருட்டுப் பிரதி மூலமாகிவிட்டது, மூலம் பிரதியாகிவிட்டது. பதிவேற்றிய தேதியைக்கூட ஒப்பிட்டுப் பார்க்காத ஒரு கணினி நிரல் இதைத் தீர்மானித்திருக்கிறது.

நம் சட்டம் இப்படிச் சொல்லவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படத்துக்கு வெளியான பின் 60 ஆண்டுகள் பாதுகாப்புத் தருகிறது. நான் கேமராவில் எடுத்ததற்கும் அதே சட்டம்தான் காவல். இது என் ஆக்கம் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தம் பெயருக்குக் கேடு வரும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் படைப்பவருக்கு உண்டு என்கிறது அதன் 57ஆம் பிரிவு. எழுத்துவழிப் புகார் வந்தால் தளம் அந்தப் பதிவை 36 மணி நேரத்துக்குள் தடுக்க வேண்டும், 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மீண்டும் திறந்துவிடலாம் என்று 2013ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகள் சொல்கின்றன. ஒரு நிமிடக் காணொளிக்காக வக்கீல் வைத்து, மூன்று வாரத்தில் ஆணை வாங்கிவர எங்களில் யாரால் முடியும்?

செய்ய முடியாத காரியம் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். ஜப்பானின் நிக்கோனிக்கோ தளத்தில், ஒரு படைப்பு எந்தெந்தப் படைப்புகளிலிருந்து பிறந்தது என்று மரம்போல் பதிந்து வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. ரசிகர் புனைவுகளுக்கான ஏஓ3 தளத்தில், எழுதியவர் தம் படைப்பை நீக்கலாம், அல்லது தம் பெயரை மட்டும் விலக்கிக்கொண்டு படைப்பை வாசகர்களுக்கு விட்டுவிடலாம், முடிவு அவருடையது. இரவல் வாங்கிய பொருளில் செய்தவருக்கும் தம் உழைப்பின் மீது பேச்சுரிமை உண்டு என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் படங்களின் தயாரிப்பாளர் நாளைக்கே என்னை அழைத்து, "எங்கள் காட்சியை எடுத்துவிடுங்கள்" என்றால் மறுபேச்சின்றி எடுத்துவிடுவேன். அது அவருடைய உரிமை. அதே மரியாதையைத்தான் எனக்கும் கேட்கிறேன்: செய்தவர் பெயர் பிரதியிலும் இருக்க வேண்டும், செய்தவர் விலக்கினால் அவர் எடுத்த பகுதி எல்லா இடத்திலிருந்தும் விலக வேண்டும், புகாரை ஒரு மனிதர் படிக்க வேண்டும். பவானிசாகரிலும் பண்ணாரிப் பக்கத்திலும் எடுத்த காட்சிகள் தொகுத்து முடித்து என் கணினியில் இருக்கின்றன. இந்த மூன்றையும் எழுத்தில் தரும் வரை அவற்றில் ஒரு நொடியைக்கூட அந்தத் தளத்தில் ஏற்றமாட்டேன்.