பாலையாவுக்கு யார் பேனர் கட்டுவது?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் எம்.ஜி.ஆர். படம் மாட்டாத முடிவெட்டும் கடையை ஒரு காலத்தில் தேடித்தான் பிடிக்கணும். சிவாஜி ரசிகர்கள் தனிக் கட்சி. இந்த ரெண்டு கட்சிக்கும் நடுவில் நடிகர் டி.எஸ்.பாலையாவுக்கு ஒரு ஓட்டுகூட விழுந்ததில்லை. என்னைக் கேட்டால், அந்தக் காலத்துப் படங்களை இன்றைக்கும் எழுந்து போகாமல் பார்க்க வைக்கிற ஆள் அவர்தான். சண்டைக்கு வருகிறவர்கள் கமெண்டில் வரலாம்.

1936இல் ‘சதிலீலாவதி’. எம்.ஜி.ஆருக்கு முதல் படம், சின்ன இன்ஸ்பெக்டர் வேஷம். பாலையாவுக்கும் அதுதான் முதல் படம், ஆனால் வில்லனே அவர்தான். நண்பனைக் குடிக்கப் பழக்கிக் குடும்பத்தைக் கெடுப்பார். அந்த நண்பன் ஊரைவிட்டு ஓடி, சிலோன் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக நிற்பான். (பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பிறந்த நமக்கு இந்த இடம் உறுத்தாமல் இருக்குமா?) பாலையாவுக்கு அப்போது 22 வயதுகூட நிரம்பவில்லை. சுண்டன்கோட்டையில் பிறந்து, நாடகக் கம்பெனியில் அடிபட்டுத் தேறி வந்தவர். கடைசி வரிசை ஆளுக்கும் கேட்கப் பேசிப் பழகிய குரல் அது.

‘அம்பிகாபதி’, ‘மதுரை வீரன்’ என்று வில்லனாகவே காலம் தள்ளியிருக்கலாம். 1964இல் ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் எஸ்டேட் முதலாளி விசுவநாதனாக வந்தார் பாருங்கள்! வேலையை விட்டுத் தூக்கிய பையன், முதலாளி வீட்டு வாசலிலேயே கூடாரம் போட்டுக் கோஷம் போடுகிறான். முதலாளிக்குக் கொதிக்கிறது. அதே பையன் கோடீஸ்வரன் மகன் என்று காதில் விழுந்ததும் ஆள் அப்படியே குழைந்துவிடுகிறார். தோட்ட மேனேஜரான துரைக்கும் கணக்கெழுதும் கிராணிக்கும் பயந்து வாழ்ந்த எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் அந்தக் காட்சிக்குச் சிரித்த சிரிப்பு வேறு ரகம்.

அதே படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியைத்தான் எல்லாரும் ஷேர் பண்ணுகிறீர்கள். ஒருமுறை நாகேஷை விட்டுவிட்டு பாலையாவை மட்டும் பாருங்கள். வசனம் முழுக்க எதிராளிக்கு. இவர் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை உருட்டுகிறார், உடம்பைக் குறுக்குகிறார். அந்தப் பயம் முகத்தில் ஏறாவிட்டால் நாகேஷ் சும்மா சத்தம் போடுகிற ஆளாகத்தான் தெரிவார்.

‘திருவிளையாடல்’ ஹேமநாத பாகவதருக்குப் பாட்டுக் குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது. திமிர் முழுக்க பாலையாவுடையது. ‘தில்லானா மோகனாம்பாள்’ தவில்காரர் முத்துராக்கு பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தோட்டத்துக் கோயிலில் தவில் வாசித்த மாமா, லேசில் யாரையும் மெச்சாதவர், “இந்த ஆளு நெஜமாவே வாசிக்கிறவன்டா” என்று அடித்துச் சொன்னார். 1972இல், 57 வயதில் போய்விட்டார் பாலையா.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் குறும்படம் எடுக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் ஹீரோவுக்கு ஆறு மாசம் ஜிம், அப்பா வேஷத்துக்கு மட்டும் முதல் நாள் ராத்திரி போன் வருகிறது. போன மாசம் எனக்கே வந்தது. “வசனம் ஒன்னும் இல்ல அங்கிள், சும்மா உட்கார்ந்தா போதும்.”

அதுக்குத்தான்டா தம்பி ஒத்திகை வேணும் என்றேன். வேறு அங்கிளைப் பிடித்துவிட்டார்கள்.