வெளியீட்டு டையோடு குறித்து ஒரு திருத்தம்
ஐஆர்2153 என்ற கட்டுப்பாட்டுச் சில்லைக் கொண்டு ஆம்ப்ளிஃபயருக்கான எஸ்எம்பிஎஸ்ஸை (மின்சாரத்தை அதிவேகமாக நிறுத்தி-இயக்கி மின்னழுத்தத்தை மாற்றித் தரும் மின்வழங்கியை) வீட்டிலேயே செய்வதை விளக்கும் இக்கட்டுரை தெளிவாக இருக்கிறது. ஆனால் வெளியீட்டுப் பக்கத்துக்கு 1என்4007 டையோடுகளே (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகங்கள்) போதும் என அது கூறுவதை ஏற்க இயலவில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கென அமைந்த அந்த டையோடு, இத்தகைய மின்வழங்கி இயங்கும் 50 கிலோஹெர்ட்ஸில் மின்னழுத்தம் திசை மாறும்போது உடனே அடைபடாமல் சிறிது நேரம் பின்னோக்கியும் கடத்துவதால், வீணாகும் ஆற்றல் முழுவதும் வெப்பமாகிறது. டிடிஏ7294 ஆம்ப்ளிஃபயர் பலகைக்கு ±35 வோல்ட் எடுக்க நானும் முதலில் அதைத்தான் போட்டேன். இரண்டு நிமிடத்தில் ஈயப்பற்று உருகி டையோடின் கால் தானாகவே கழன்று வந்தது. எம்யூஆர்1560 போன்ற அதிவேக டையோடுகளாக மாற்றிய பிறகு அச்சிக்கல் எழவில்லை.

மின்மாற்றிக்கான ஃபெரைட் கோரை (கம்பி சுற்றும் காந்த உள்ளகத்தை) பழைய கணினி மின்வழங்கியின் மின்மாற்றியிலிருந்து பிரிக்க, அம்மின்மாற்றியைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டால் அதை ஒட்டியிருக்கும் வார்னிஷ் இளகிவிடும் (சமையலுக்குப் புழங்காத பாத்திரமாக இருக்கட்டும்).

முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைப்பது அவசியம். பல்பு ஒருகணம் மின்னி மங்கினால் நலம், விடாமல் பிரகாசித்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. மேலும், 230 வோல்ட் மின்சாரம் நேர்மின்னோட்டமாக்கப்பட்டதும் ஏறத்தாழ 325 வோல்ட்டாகக் கெபாசிட்டரில் தேங்கி, சுவிட்சை அணைத்த பின்னும் நெடுநேரம் நிற்கும் என்பதால், அதை வடிக்க ஒரு ரெசிஸ்டரை நிரந்தரமாகவே இணைத்துவிடுமாறு கட்டுரையில் சேர்க்க வேண்டுகிறேன்.