தச்சுவேலை என்று சொல்ல நா எழவில்லையா?

ஞாயிற்றுக்கிழமை தக்கலையில் படிக்கும் பிள்ளைகளுக்காக நடந்த பாராட்டு விழாவை நண்பர்களில் பலர் நேரிலும் மற்றவர்கள் நேரலையிலும் பார்த்துவிட்டீர்கள். "போகட்டும், விட்டுவிடுங்கள் சார்" என்று உள்பெட்டியில் ஆறுதலும் சொல்லிவிட்டீர்கள். நானும் விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் நேற்று விழாக் குழுவைச் சேர்ந்த ஒருவர், "உங்கள் மரியாதையை நினைத்துத்தானே மகனின் படிப்பை மாற்றி எழுதினோம், நன்றி சொல்லாவிட்டாலும் கோபப்படாமலாவது இருக்கலாமே" என்று எழுதியதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

என் மகன் ஆஸ்திரேலியாவில் படிப்பது தச்சுவேலை. நான் எழுதிக் கொடுத்த தாளில் 'தச்சுத் தொழில், மூன்றாம் நிலைச் சான்றிதழ்' என்றுதான் இருந்தது. முப்பது ஆண்டு கரும்பலகையில் எழுதிய கை என்பதால், கையெழுத்துப் புரியவில்லை என்று சொல்லவும் வழியில்லை. மேடையில் வாசிக்கப்பட்டது 'கட்டடவியல் மேலாண்மை'. மருத்துவம் படிக்கும் பிள்ளைக்கு மருத்துவம் என்றே வாசித்தார்கள், செவிலியர் படிப்புக்குச் செவிலியர் படிப்பு என்றே வாசித்தார்கள். என் பிள்ளையின் படிப்புக்கு மட்டும் பெயர்சூட்டு விழா நடத்தியிருக்கிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே மேடையில் அதற்குக் கால் மணி நேரம் முன்பு சிறப்புப் பேச்சாளர் பத்மநாபபுரம் அரண்மனையைப் பற்றி உருகி உருகிப் பேசினார். பூமுகம் என்னும் முகப்பு மண்டபத்தின் உட்கூரையில் செதுக்கிய 90 விதப் பூக்கள், தாய்க்கொட்டாரம் என்னும் பழைய பகுதியில் பலாமரத்தில் கடைந்த தூண், 1956இல் எல்லை பிரித்தபோது மண் தமிழ்நாட்டுக்கும் அரண்மனையின் பராமரிப்பு கேரளத்துக்கும் போன கதை என்று எதையும் அவர் விடவில்லை. "அந்தத் தச்சர்களின் கைகளுக்குத் தங்கக் காப்பு போட வேண்டும்" என்றார். அரங்கமே கைதட்டியது, நானும் தட்டினேன். காப்பு போட வேண்டுமானால் அந்தத் தச்சன் செத்து நூறு ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

மேலாண்மை என்றால் பெரிய படிப்பு, தச்சுவேலை என்றால் எவனும் செய்யலாம் என்று நினைப்பவர்கள், என் மகன் படிக்கும் படிப்பு என்ன என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் முதலாளியிடம் சம்பளம் வாங்கிக்கொண்டே ஏறக்குறைய நான்கு ஆண்டு பழகி இந்தச் சான்றிதழைப் பெறுகிறார்கள். வெளிநாட்டு மாணவன் பெரும்பாலும் முழுக் கட்டணத்தையும் கட்டிப் பயிற்சி நிலையத்தின் பட்டறையில் படிக்கிறான்; வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் அவன் வேலை செய்யக் கூடாது. கட்டுமான இடத்துக்குள் இறங்கி வேலை செய்யவே 'ஒயிட் கார்டு' என்னும் பாதுகாப்புப் பயிற்சி அட்டை வேண்டும். படிப்பை முடித்து அங்கேயே தச்சனாகத் தகுதி மதிப்பீடு பெற விரும்பினால், முதலில் 360 மணி நேர வேலை அனுபவத்தைக் காட்டி, பிறகு ஓராண்டுக்குக் குறையாமல் 1,725 மணி நேரம் சம்பளத்துக்கு வேலை செய்ய வேண்டும். அதோடும் முடியாமல், மதிப்பீட்டாளர் வேலையிடத்துக்கே வந்து அவன் வேலையைப் பார்ப்பார். நம் ஊரில் மேலாண்மைப் பட்டம் வாங்கிய எத்தனை பேரை யார் வந்து நின்று பார்த்தார்கள்?

அங்கே வீட்டின் எலும்புக்கூடே மரம்தான். பைன் மரச் சட்டங்களை 450 அல்லது 600 மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்தி, இடையிடையே குறுக்குக் கட்டை கொடுத்துச் சுவரையே மரத்தில் எழுப்புகிறார்கள். முதல் மாதம் அவன் அடித்த ஒரு சட்டகம் மூலைக்கு மூலை அளந்தபோது நான்கு மில்லிமீட்டர் பிசகியது என்று பிரித்து மறுபடி அடிக்கச் சொன்னார்களாம். தச்சரான என் தந்தை கோல் என்னும் பழைய அளவுக் கணக்கில் வேலை செய்தவர். கோலுக்கு 24 விரல், விரலுக்கு மூன்று சென்டிமீட்டர். நான்கு மில்லிமீட்டர் என்பது அவர் கணக்கில் விரலில் ஏழில் ஒரு பங்குகூட ஆகாது. ஆனால் அவரும் பிரிக்கத்தான் சொல்லியிருப்பார்.

"ஆசாரி வேலை படிக்க ஆஸ்திரேலியா போக வேண்டுமா? இங்கே ஐ.டி.ஐ. இல்லையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கிறது, தச்சர் பிரிவில் ஓராண்டுப் படிப்பு, எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். கேட்ட நண்பர் தம் பிள்ளையை அதில் சேர்த்துவிட்டு வந்து சொல்லட்டும், பிறகு பேசுவோம். செலவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: அது என் பாடு.

"விசாவுக்காகப் படிக்கிறான்" என்பது இன்னொரு குற்றச்சாட்டு. ஆமாம், விசாவும் வேண்டும், பி.காம். முடித்து இரண்டு ஆண்டு ஒரு நிதி நிறுவனத்துக்காகக் கடன் வசூலுக்கு அலைந்தவனுக்கு விசா மேல் ஆசை வரக் கூடாதா? மாணவர் விசாக் கட்டணத்தை 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து ஒரே அடியாக 1,600 டாலராக உயர்த்தினார்கள். அதைக் கட்டுகிறவன் சுற்றுலாவுக்கா போகிறான்? மார்த்தாண்டத்திலிருந்தும் களியக்காவிளையிலிருந்தும் எத்தனை பேர் ஷட்டரிங் கார்பெண்டராக, அதாவது கான்கிரீட் வார்க்கப் பலகை அடிக்கும் தச்சராக, வளைகுடாவுக்குப் போனார்கள், அவர்கள் அனுப்பிய பணத்தில் எத்தனை மாடி எழும்பியது! அவர்கள் வீட்டுத் திருமண அழைப்பிதழில் மட்டும் வெறும் 'துபாய்' என்று போடுவார்கள். துபாய் எப்போது தொழில் ஆனது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எனக்கு உண்மையிலேயே வலித்த கேள்வி ஒன்று உண்டு. "குலத்தொழிலைத் தூக்கிப் பிடிக்கிறீர்களா? குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்த மண்ணில் இப்படி எழுதலாமா?" என்று ஓர் இளைஞர் கேட்டார். 1953இல் சென்னை மாநிலத்தில் அந்தத் திட்டம் வந்தபோது நம் மண் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், வாத்தியார் புத்தி. மற்றபடி அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பிறப்பைச் சொல்லி ஒருவன் கையில் உளியைத் திணிப்பது கொடுமைதான். என் தந்தை எனக்கு அதைத் திணிக்கவில்லை. தொடக்கூட விடவில்லை. பட்டறைப் பக்கம் போனால் கொட்டாப்புளி என்னும் மரச் சுத்தியலை ஓங்கிக்கொண்டு விரட்டுவார். "போய்ப் படி" என்ற ஒரு சொல்லுக்கு மேல் பேச மாட்டார். படித்தேன். படித்து என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1986இல் கல்லூரி விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் 'வியாபாரம்' என்று எழுதினேன். கையெழுத்துக்காக அவரிடம் நீட்டியபோது, கையைத் துண்டில் துடைத்துவிட்டு, எழுத்துக் கூட்டி மேலிருந்து கீழ்வரை படித்தார். அவர் படிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "எந்தக் கடையாம்?" என்று மட்டும் கேட்டார். பிறகு நான் எழுதியதற்குக் கீழேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆகவே விழாக் குழு நண்பரே, மரியாதைக்காக மாற்றி எழுதுவது எப்படி என்று நீங்கள் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். உங்களுக்கு முன்பே அந்த வேலையை நான் செய்து முடித்துவிட்டேன்.

என் தந்தையின் உளி ஒன்றை மகன் கொண்டுபோயிருக்கிறான். தீட்டித் தீட்டி இரும்பு பாதியாய்த் தேய்ந்த உளி. புளியங்கட்டைப் பிடியின் தலை அடிபட்டு அடிபட்டுப் பூவாய் விரிந்திருக்கும். மரப் பொருள் எதைக் கொண்டுபோனாலும் அந்த நாட்டில் இறங்கியதும் படிவத்தில் சொல்ல வேண்டும், அதனால் அவனும் எழுதிக் கொடுத்தானாம். அதிகாரி பிடியை உருட்டி உருட்டிப் பூச்சித் துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எதற்கு என்று கேட்டார். "தச்சுவேலை படிக்க வந்திருக்கிறேன்" என்று சொன்னான். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மேடையில் எனக்குக் கொடுத்த நினைவுப் பரிசு இப்போது மேசைமேல் இருக்கிறது. அவன் பெயர், படம், கீழே தங்க எழுத்தில் 'கட்டடவியல் மேலாண்மை'. சனிக்கிழமை கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். தச்சுவேலை என்று திருத்தி அச்சடித்துத் தந்தால் வாங்கிக்கொள்வேன், இல்லையென்றால் அங்கேயே இருக்கட்டும். நேற்று இரவு அதைப் படமெடுத்து மகனுக்கு அனுப்பினேன். அவன் கொதிப்பான் என்று காத்திருந்தேன். வெகு நேரம் கழித்து அழைத்தான்.

"அப்பா, அது மரமே இல்லை, தூள்பலகையில் மரக்கோடு போட்ட தாளை ஒட்டியிருக்கிறார்கள். வலப்பக்க மேல் மூலையைப் பாருங்கள், சேரவே இல்லை."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒரு நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது.