உயரம் மட்டும் போதாது: பீட்டர் மேஹியூ குறித்து ஒரு திருத்தம்
'ஸ்டார் வார்ஸ்' விண்வெளிப் படங்களில் உடலெங்கும் உரோமம் மூடிய வேற்றுக்கிரகவாசி சூபாக்காவாக வந்த பீட்டர் மேஹியூ வெறும் உயரத்துக்காக உரோம உடைக்குள் நிறுத்தப்பட்டவர், எந்த நெட்டையரும் அதைச் செய்திருக்கலாம் என்று சொல்லப்படுவது தவறு. லண்டன் மருத்துவமனையொன்றில் ஊழியராக இருந்தவருக்கு, 1977-இல் வெளிவந்த முதல் படத்தின் வாய்ப்பை 7 அடி 3 அங்குல உயரமே பெற்றுத் தந்தது, அதுவரை உண்மைதான். ஆனால் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் கரடிகளும் கொரில்லாக்களும் அசைவதைக் கூர்ந்து பார்த்து அந்த நடையை உருவாக்கியவர் அவரே. இரண்டாம் படத்தின்போது அவர் நோயுற்றதால், ஏறக்குறைய அதே உயரமுள்ள மற்றொருவரை வைத்துச் சில காட்சிகளை எடுத்தார்கள். அசைவுகள் ஒட்டவில்லை என்பதால், மேஹியூ குணமடைந்து திரும்பியபின் அவற்றை மீண்டும் எடுக்க நேர்ந்தது. குரல் அவருடையதன்று, படத்தின் ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் விலங்கொலிகளைக் கலந்து அமைத்தது. எனவே கண்களையும் உடலையும் மட்டுமே கொண்டு அவர் நடித்திருக்கிறார்.