யார்க் நகரத்துக் கிறிஸ்துமஸ் பேய்கள்

கிறிஸ்துமஸுக்கும் பேய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள். இங்கிலாந்தில் பேய்க்கதை சொல்லும் காலமே டிசம்பர்தான். ஸ்க்ரூஜ் என்ற கஞ்சனைத் தேடி ஆவிகள் வரும் கதையை எழுத்தாளர் டிக்கன்ஸ் வெளியிட்டதும் 1843 டிசம்பரில்தான். அதனால் அந்நாட்டின் பழைய நகரமான யார்க்கில் பண்டிகைக்காலப் பேய் நடை, அதாவது ஆட்களைத் தெருத்தெருவாகக் கூட்டிப்போய்ப் பேய்க்கதை சொல்வது, நடத்துவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும் ஊர், குறுகலான சந்துகள், மேலே விளக்குத் தோரணம், கதை கேட்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அங்கே எனக்கு மிகவும் பிடித்தது ட்ரெஷரர்ஸ் ஹவுஸ் என்ற பழைய வீட்டின் கதை. 1953-இல் ஹாரி மார்ட்டின்டேல் என்ற பதினெட்டு வயதுப் பையன் அந்த வீட்டு நிலவறையில் குழாய் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது எக்காளச் சத்தம் கேட்டது, அப்புறம் சுவருக்குள்ளிருந்து ரோமானியப் படைவீரர்கள் களைத்துப்போய் நடந்து வந்தார்கள் என்று சொன்னார். முழங்காலுக்குக் கீழே எதுவும் தெரியவில்லையாம், தரையைத் தோண்டிவிட்டிருந்த இடத்துக்கு வந்தபோதுதான் பாதம் தெரிந்ததாம். ஏனென்றால் பழைய ரோமானியச் சாலை அந்தத் தரைக்கும் கீழே இருக்கிறது. இதைப் பல வருடம் அவர் வெளியே பேசவில்லை, பிற்பாடு போலீஸ்காரராகவும் வேலை பார்த்தார். நம்புகிறோமோ இல்லையோ, அந்த முழங்கால் விவரம் ஒன்றிலேயே கி.பி. 71-இல் ரோமானியர் அமைத்த ஊரின் மேல்தான் இன்றைய யார்க் நிற்கிறது என்பது புரிந்துவிடுகிறது. கத்திக் கூச்சல் போட்டு யாரையும் பயமுறுத்த வேண்டியதே இல்லை.

ஆனால் யார்க் கோட்டையின் கோபுரமான கிளிஃபோர்ட்ஸ் டவரை இதே வரிசையில் வைத்துப் பேசுவதை என்னால் ஏற்கவே முடியாது. 1190 மார்ச்சில் வன்முறைக் கும்பலுக்குப் பயந்து யார்க் நகரத்து யூதர்கள், ஏறத்தாழ 150 பேர், அங்கே கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தார்கள். பலர் கும்பல் கையில் சிக்குவதைவிடச் சாவதே மேல் என்று தங்கள் குடும்பத்தோடு உயிரை விட்டார்கள், உயிரோடு வெளியே வந்தவர்களையும் கும்பல் கொன்றது. அது முடிந்த கையோடு கும்பல் நேரே மின்ஸ்டர் தேவாலயத்துக்குப் போய், அங்கே வைத்திருந்த கடன் பத்திரங்களைக் கொளுத்தியது. யூதர்களிடம் வாங்கிய கடன் அது! இவ்வளவும் நடந்த இடத்தில், கோபுரச் சுவரில் இரத்தம் வடியும் என்று ஒரு கதை உலவுகிறது. அன்றைக்கு எரிந்தது மரக்கோட்டை. இப்போது நிற்கும் கல் கோபுரம் அடுத்த நூற்றாண்டில் கட்டியது, அந்தக் கல் அந்த இரவைப் பார்க்கவே இல்லை.

மார்கரெட் கிளித்தரோவின் கதையும் அப்படித்தான், பேய்க்கதை வரிசையில் சேராது. கசாப்புக்கடைக்காரர் மனைவி, அன்றைய சட்டம் தடைசெய்திருந்த கத்தோலிக்கக் குருமார்களை வீட்டில் ஒளித்துவைத்தார் என்று குற்றச்சாட்டு. விசாரணை நடந்தால் தன் பிள்ளைகளையே சாட்சிக்கு இழுப்பார்கள் என்று நீதிமன்றத்தில் பதில் சொல்லவே மறுத்தார், 1586-இல் பாரம் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். ஷாம்பிள்ஸ் தெருவில் அவருக்கு ஒரு சின்ன வழிபாட்டிடம் இருக்கிறது, இன்றும் மக்கள் வந்து ஜெபிக்கிறார்கள். அதன் வாசலில் நின்று எலும்பு நொறுங்கும் சத்தத்தை நடித்துக் காட்டுவது எந்தப் பண்டிகைக்கும் பொருந்தாது.

இவற்றைப் பேசவே கூடாது என்று சொல்லவில்லை. பேசுங்கள், என்ன நடந்தது, யார் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள் என்று நேராகச் சொல்லுங்கள். பேயை மட்டும் அங்கே கொண்டுவராதீர்கள். பயப்பட ஆசைப்பட்டு வருகிறவர்களை ட்ரெஷரர்ஸ் ஹவுஸ் வாசலில் இன்னும் பத்து நிமிடம் நிறுத்திக் கதை சொல்லுங்கள், குளிரிலும் நின்று கேட்பார்கள்.