அழுகிறவளிடம் போய் "அழுவது யார்" என்று கேட்காதீர்கள்

அந்தக் காணொளியை நான் இங்கே இணைக்கப்போவதில்லை. நீங்கள் பார்த்துவிட்டீர்கள், பார்க்காதவர்களுக்கும் யாராவது அனுப்பியிருப்பார்கள். என் நட்பு வட்டத்திலேயே "ஞானச் சவுக்கடி" என்றும் "ஒரே கேள்வியில் மாயை தூள்" என்றும் எழுதிப் பகிர்ந்திருக்கிறீர்கள். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் மைக்கைப் பிடித்தபடி பேச்சு வராமல் நிற்கிறார். மேடையில் இருப்பவர் புன்னகை மாறாமல் கேட்கிறார்: "அழுவது யார்? அதை முதலில் கண்டுபிடியுங்கள். தனியாக ஒருவன் இருந்திருந்தால்தானே அவன் சாவதற்கு?" அரங்கம் கைதட்டுகிறது. அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிடுகிறார். அவர் வாயை அடைத்ததைத்தான் நீங்கள் மாயை உடைந்தது என்கிறீர்கள்.

அந்தக் கைதட்டலை என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அத்வைதத்தைக் கேலி செய்ய வரவில்லை. எல்லாம் ஒன்று என்பதை, நான் வேறு நீ வேறு என்பது தோற்றம் என்பதை, நான் நம்புகிறேன். வயதில் பாதியை ரமணரைப் படிப்பதில் கழித்தவள் நான். நம்புவதால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. நம்பாதவளாக இருந்திருந்தால் இதுவும் ஒரு பிழைப்பு என்று கடந்து போயிருப்பேன்.

அந்தக் கேள்வி எங்கே பிறந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1896 ஜூலையில் மதுரையில், சிற்றப்பா வீட்டு மாடியில், பின்னாளில் ரமணரான வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையனுக்குத் திடீரென்று மரண பயம் வருகிறது. அவன் யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போல் விறைத்துப் படுத்துக்கொண்டு, இந்த உடம்பு செத்துவிட்டால் நான் யார் என்று தன்னையே கேட்டான். செத்தது அவனுடைய உடம்பு, பயம் அவனுடைய பயம், விசாரித்தவனும் அவனே. பக்கத்து வீட்டுத் துக்கத்துக்குப் போய் அங்கே இருந்தவர்களை அவன் விசாரிக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துச் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு அவர் எழுதிக் காட்டிய பதில்களிலும் இதுதான் இருக்கிறது: ஓர் எண்ணம் எழுந்தால் இது யாருக்கு உண்டாயிற்று என்று எண்ணம் எழுந்தவனே பார்க்க வேண்டும். அவரவர் தம்மீது மட்டும் பயன்படுத்த வேண்டிய கேள்வி அது. அடுத்தவர் நெஞ்சில் குத்துவதற்கு யாரும் அதைத் தரவில்லை.

சரி, துக்கத்தோடு வந்தவர்களிடம் ரமணர் என்ன செய்தார்?

எச்சம்மாளைத் தெரியுமா? ரமணர் பெயரைச் சொல்லிக் கூட்டம் நடத்துகிறவர்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். மண்டகொளத்தூரைச் சேர்ந்த லட்சுமி அம்மாள். கணவர், மகன், மகள் என்று அடுத்தடுத்து எல்லோரையும் பறிகொடுத்தபோது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. வீட்டில் இருக்க முடியாமல் எங்கெங்கோ அலைந்துவிட்டு, திருவண்ணாமலைக்கு வந்து மலையேறி ரமணர் முன்னால் நின்றார். ரமணர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரம் அப்படியே. யார் அழுவது, யார் செத்தது என்று எதுவும் கேட்கவில்லை. பாரம் இறங்கியவராக அந்தப் பெண் கீழே இறங்கினார். பிறகு சாகும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு நெருக்கமாக, நாள் தவறாமல் அவருக்குச் சோறு கொண்டுபோனார்.

கதை இதோடு முடிந்திருந்தால் "பார்த்தீர்களா, மௌனமும் ஓர் அதிர்ச்சி வைத்தியம்தான்" என்று நீங்கள் சொல்லக்கூடும். முடியவில்லை. எச்சம்மாள் பிறகு செல்லம்மாள் என்ற பெண்ணைத் தத்தெடுத்து வளர்த்தார், கல்யாணம் செய்து கொடுத்தார். செல்லம்மாளுக்குப் பிறந்த குழந்தைக்கு ரமணன் என்றே பெயர் வைத்தார்கள். ஒருநாள் செல்லம்மாள் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. தந்தியை எடுத்துக்கொண்டு மலைக்கு ஓடினார் எச்சம்மாள். அதைப் படித்த ரமணரின் கண்கள் கலங்கின. ஈமக்கடன் முடிந்து, தாயில்லாத அந்தக் குழந்தையைத் தூக்கிவந்து ரமணர் கையில் கொடுத்தபோதும் கண்ணீர் வந்தது.

நான் என்பது இல்லை என்று அறிந்தவர் அழுதிருக்கிறார். அந்த அம்மாவின் முன்னால் சிரித்தவர் அவரைவிட எந்த வகையில் மேலே போய்விட்டார்?

இப்போது உங்கள் பதில்களுக்கு வருகிறேன். என்ன வரும் என்று எனக்குத் தெரியும், பாதி ஏற்கெனவே வந்துவிட்டது.

"ரமணரின் தாயார் இறந்தபோது அவர் அழவே இல்லையே, தீட்டு இல்லை, வாருங்கள் சாப்பிடலாம் என்றாரே" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். ஆமாம், சொன்னார். 1922 மே 19. அதற்கு முன்னால் நடந்ததையும் சேர்த்து எழுதியிருக்கலாமே ஐயா? அன்று காலையிலிருந்து இரவு அழகம்மாள் மூச்சு அடங்கும்வரை, ஒரு கையைத் தாயின் நெஞ்சிலும் மறு கையைத் தலையிலும் வைத்தபடி பக்கத்திலேயே இருந்தார் அந்த மகன். கையை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த வார்த்தை அது. அதுவும் தன் சொந்தத் தாயைப் பற்றி. அடுத்தவர் பிள்ளையைப் பற்றி இல்லை. இன்னொன்று. 1914இல் அவரைப் பார்க்க வந்த அழகம்மாள் கடும் ஜுரத்தில் படுத்துவிட்டபோது, அவரைக் காப்பாற்று என்று அருணாசல சிவனை வேண்டி ரமணர் பாடல்கள் எழுதினார். தாயும் மகனும் தோற்றம்தானே, ஜுரம் யாருக்கு என்று அவர் சும்மா இருந்துவிடவில்லை.

"பாரமார்த்திகம் வேறு, வியாவகாரிகம் வேறு, இந்த அடிப்படைகூடத் தெரியாமல் எழுதாதீர்கள்" என்று ஒரு சம்ஸ்கிருதப் பேராசிரியர். தெரியும் ஐயா. முடிவான உண்மை ஒரு தளம், நாம் புழங்கும் உலகம் ஒரு தளம் என்று சங்கரர் பிரித்தது, முதல் தளத்தின் பேச்சை எடுத்து இரண்டாம் தளத்தில் இருப்பவர்களை நசுக்கக் கூடாது என்பதற்காகவும்தான் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். அந்த அரங்குக்கு நுழைவுக் கட்டணம் வியாவகாரிகத்தில் வாங்கினார்கள். முன்வரிசைக்கு ஒரு விலை, பின்வரிசைக்கு ஒரு விலை. அந்த அம்மாவின் மகன் மட்டும் பாரமார்த்திகத்தில் இல்லாமல் போய்விட்டான்!

"உடம்பைக் கீதையே கிழிந்த சட்டை என்கிறதே." சொல்கிறது. போர்க்களத்தில் வில்லைக் கீழே போட்ட ஒரு வீரனுக்குச் சொன்னது. அதே அர்ச்சுனன், கண்ணன் வாயால் அத்தனையும் நேரடியாகக் கேட்டவன், சில நாள்களில் அபிமன்யு செத்த செய்தி வந்தபோது எப்படிப் புலம்பினான் என்று துரோண பர்வத்தை எடுத்துப் படியுங்கள். பக்கத்தில் கண்ணன் இருந்தான். "நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் என்ன ஆயிற்று, அழுவது யார்" என்று அவன் கேட்கவில்லை. வீரர்கள் போகும் வழி இது என்று தேற்றினான். சுபத்திரையிடமும் போய்த் தேற்றினான். கீதை சொன்னவனுக்குத் தெரிந்த இங்கிதம், அதை மேற்கோள் காட்டுகிறவர்களுக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் துறந்த பட்டினத்தார் தாயின் சிதை முன்னால் பத்து மாதச் சுமையைச் சொல்லி அழுதார். அவருக்கு ஞானம் போதவில்லை என்று யாராவது சொல்வீர்களா?

இன்னொரு பதில், "அந்தக் கேள்வியால் உண்மையிலேயே துக்கம் தீர்ந்தவர்கள் இருக்கிறார்கள்" என்பது. இருக்கலாம். அந்த அம்மா அவர்களில் ஒருவர் இல்லை. அவர் முகத்தை நான் பார்த்தேன்.

அந்த முகம் எனக்குப் பழக்கம். என் அக்காவின் முகம் அது. அவள் மகன் இருபத்திரண்டு வயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் போனான். காரியத்துக்கு முன்னாலேயே உறவுக்காரப் பெரியவர் ஒருவர் தன் சத்சங்கத்து ஆட்களோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். பிறந்தவன் யார், போனவன் யார், உன் பிள்ளை என்று நீ நினைத்ததே அகங்காரம், அதை விட்டால் துக்கம் இல்லை. ஒரு மணி நேரம் இதே பேச்சு. அக்கா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு அவள் மனிதர்கள் முன்னால் அழுவதை நிறுத்திவிட்டாள். தண்ணீர் மோட்டார் ஓடும் நேரத்தில் மாடிக்குப் போய்விடுவாள். அந்தச் சத்தத்தில் கீழே கேட்காது. நான் கண்டுபிடித்துக் கேட்டபோது, "எனக்கு இன்னும் பக்குவம் வரவில்லை, அதனால்தான் அழுகை வருகிறது" என்றாள். மகனை இழந்தது போதாதென்று, இழந்ததற்காக வெட்கப்படவும் அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார்கள். இதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

அவளை மறுபடியும் பேச வைத்தவர் அந்தத் தெருவில் பூ விற்கும் அம்மா. தத்துவம் எதுவும் சொல்லவில்லை. வாசல்படியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "தம்பிக்கு என்ன குழம்பு பிடிக்கும்?" என்று கேட்டார். அக்கா பேச ஆரம்பித்தாள். கத்தரிக்காயைத் தட்டு ஓரத்தில் ஒதுக்குவான், வத்தக்குழம்பு என்றால் இரண்டு தடவை சோறு கேட்பான் என்று ஏதேதோ. இருவரும் சேர்ந்து அழுதார்கள். அந்த அம்மா தன் பெண் குழந்தை ஒன்று சிறுவயதில் தவறியதைச் சொன்னார். அன்று மாலை பூ விற்காமல் வாடியது. எல்லாம் ஒன்று என்று இத்தனை நூல்களில் படித்ததை நான் கண்ணால் பார்த்தது அந்த வாசல்படியில்தான். அவள் கண்ணீர் இவர் கண்ணிலும் வந்தது. ஒருமை என்றால் இதுதானே? இரண்டு பேரில் ஒருவர் ஞானியாகவும் மற்றவர் அஞ்ஞானியாகவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால், அங்கே இரண்டுதானே இருக்கிறது?

அந்தப் பெரியவரைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் வீட்டு மாட்டுக்கொட்டகையைச் சுத்தம் செய்ய வருகிறவருக்குத் தனி டம்ளர். கொட்டகைக் கூரையில் செருகி வைத்திருப்பார்கள், நானே பார்த்திருக்கிறேன். கூடத்தில் எல்லாம் பிரம்மம், கொட்டகையில் டம்ளர் வேறு. காசியில் எதிரே வந்த சண்டாளனைச் சங்கரர் விலகச் சொன்னதும், எதை விலகச் சொல்கிறாய், உடம்பையா ஆன்மாவையா என்று அவன் திருப்பிக் கேட்டதும், சங்கரர் அவனையே குருவாக வணங்கியதும் அந்தச் சத்சங்கத்தில் எத்தனை முறை பேசப்பட்டிருக்கும்! 1888இல் கேரளத்தின் அருவிப்புறத்தில் நாராயண குரு, கோயிலுக்குள் நுழைய முடியாத மக்களுக்காக ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவனாக நாட்டினார். அவரும் அத்வைதிதான். அந்த மனிதருக்கு அத்வைதம் வேலையாக இருந்தது. இவர்களுக்கு வாய்ப்பேச்சாக இருக்கிறது.

கவனித்துப் பாருங்கள், இந்த "நான் இல்லை" எப்போதும் மேலே இருப்பவரிடமிருந்து கீழே இருப்பவருக்குத்தான் சொல்லப்படுகிறது. கூலி உயர்த்திக் கேட்டவனுக்கு ஆசையை விடச் சொல்வார்கள். மாமியார் வீட்டில் ஒரு சொல் எதிர்த்துப் பேசிய மருமகளுக்கு அகங்காரம். எந்த முதலாளியிடமாவது, எந்தக் குடும்பத் தலைவரிடமாவது "கோபப்படுவது யார், விசாரியுங்கள்" என்று இவர்கள் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் அம்மாவின் தலைமுறைப் பெண்கள் வாழ்நாளில் ஒருமுறைகூட "எனக்கு இது வேண்டும்" என்று சொன்னதில்லை. கடைசியில் சட்டியை வழித்துத் தின்றுவிட்டுப் படுத்தவர்கள். அவர்களை உட்கார வைத்து நானை விடு என்று வகுப்பெடுக்கிறார்கள். எந்த நானை?

"நீங்கள் உணர்ச்சிவசப்படுகிறீர்கள், இதுவும் அகங்காரம்தான்" என்று கீழே எழுதப்போகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். என் அகங்காரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், அந்த வேலையை ரமணர் எனக்குத்தான் கொடுத்திருக்கிறார். நீங்கள் உங்களுடையதைப் பாருங்கள். நட்பிலிருந்து விலகுவதாகச் சொன்ன இருவருக்கும் வருத்தத்துடன் விடை கொடுக்கிறேன்; அதில் ஒருவர் என் அக்கா வீட்டுத் துக்கத்துக்கு வந்தவர் என்பது மட்டும் கொஞ்சம் வலிக்கிறது.

கடைசியாக, அந்த நிகழ்ச்சியை நடத்தியவர்களுக்கு. காணொளியில் அந்த அம்மாவின் முகம் மறைக்கப்படவில்லை. அவரிடம் அனுமதி கேட்டீர்களா என்று எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. அவருடைய ஊரில், அவருடைய தெருவில், அவருடைய மகனின் நண்பர்கள் கைகளில் அது சுற்றிக்கொண்டிருக்கும். உங்கள் கொள்கைப்படி அங்கே நின்றது யாருமில்லை என்றால், அந்தக் காட்சியை நீக்குவதில் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இருக்க முடியாது. இன்றைக்கே நீக்குங்கள். பகிர்ந்த நண்பர்களும் அழித்துவிடுங்கள்.